எட்டாம் வளவு

பொன்முடிக்குப் போகும் மலைச்சாலையில் எட்டாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி என் மனைவி வெகுகாலம் போனதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை தாண்ட வைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் அவளுக்குக் குமட்டி, முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவரின் வெள்ளைச் சட்டை அதற்குப் பலியானது; அங்கேயே இறங்கித் திரும்பிவிட்டோம். அன்றிலிருந்து எட்டாவது வளைவு வந்ததும் இறங்கிவிடுவது, மேலே போன பஸ் திரும்பி வரும்வரை அங்கேயே இருப்பது என்று எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது.

அந்த வளைவின் ஓரத்தில் இடுப்பளவுகூட உயரமில்லாத ஒரு பழைய கருங்கல் சுவர். அவள் அதில் உட்கார்ந்து, பையிலிருந்து உப்பு நார்த்தங்காய்த் துண்டை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பும். அப்புறம் பார்க்க ஆரம்பிப்பாள். கீழே காடு, காட்டுக்குள் ஓடும் ஆறு, அதற்கப்பால் குட்டையாகிக்கொண்டே போகும் குன்றுகள். துலக்கமான நாட்களில் எல்லாவற்றுக்கும் கடைசியில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கடல் என்பேன் நான்.

"மேகமாக்கும்" என்பாள் அவள்.

விழிஞ்ஞம் துறைமுகத்துக் கப்பல்கூடத் தெரிகிறது என்று ஒருமுறை அளந்துவிட்டேன். "அப்போ கப்பல் பேரையும் படிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். எங்கள் இல்லறத்தில் இன்றுவரை தீராத வழக்கு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவள் பக்கம் தீர்ப்பாகிவிட்டது.

மலை உச்சியைப் பார்க்கவில்லையே என்று அவளுக்குக் குறையே கிடையாது. "மேல என்ன இருக்கப்போறது? இதே ஆகாசம், கொஞ்சம் கிட்டக்க. அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டாள். வலியசாலை அக்ரகாரத்தில் எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். அப்படிப்பட்டவளுக்கு அந்தச் சுவர்தான் ஊர், உலகம், தீர்த்த யாத்திரை எல்லாம்.

இப்படி இருக்கையில் மலைச்சாலையைக் காக்கவும் ரசிக்கவும் எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாங்களும் சேர்ந்தோம். தலைவர், சாலை என்றே பேர் பெற்ற எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். சாலைக்காரர் சாலையைக் காப்பதுதானே நியாயம் என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார். அந்த மலைப்பாதையில் அவர் ஒரே தடவைதான் போயிருக்கிறார், அதுவும் தூங்கிக்கொண்டு. "தூக்கம் கலையாம கொண்டுபோய்ச் சேத்துதுன்னா எப்பேர்ப்பட்ட ரோடு சாரே!" என்பார். காக்க வேண்டிய பொருள் எதுவானாலும் அதற்கேற்ற பைப் அவர் கடையில் இருந்தது. அருவி என்றால் பைப், மரம் என்றால் பைப். தேனீயைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் கொஞ்சம் யோசித்தார்.

முதல் கூட்டத்தில், சங்கம் எந்த இடத்தை எடுத்துப் பராமரிக்கலாம் என்று கேள்வி வந்தது. ஆளாளுக்கு உச்சியில் உள்ள இடங்களைச் சொன்னார்கள். எந்தக் கூட்டத்திலும் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் என் மனைவி, பிடித்த ஒன்றைப் பற்றிக் கேட்டுவிட்ட சந்தோஷத்தில், "எட்டாம் வளைவுச் சுவர் மாதிரி ஒரு இடம் கிடையாது, கேட்டேளா" என்று சொல்லிவிட்டாள். கைதட்டினார்கள். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே பெருமை. அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

சுவரை ஒட்டிய துண்டு நிலம் ஒரு எஸ்டேட் முதலாளியுடையது. அவர் தலைவரிடம் முள்கம்பி வாங்குகிறவர். வேலை மளமளவென்று நடந்தது. அறிவிப்புப் பலகைக்கு வாசகம் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். 'இது நமது வளைவு. ரசிப்போம், காப்போம்' என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வளைவுன்னு இங்க யாரு சாரே பறையுதா? வளவுன்னா மதி. எல்லாருக்கும் மனசிலாவும்."

வளவு என்றாலே போதுமாம். மலையாளத்தில் வளைவுக்கு வளவு என்றுதான் பேர். இந்த ஊர்த் தமிழர் வாயிலும் அப்படித்தான் வரும். தமிழில் எழுதும்போது வளைவு என்று இருக்கட்டுமே என்றேன். 'வாருங்கள்' என்று ஒரு சொல்லையும் சேர்த்து, 'இது நம்ம வளவு. வாருங்கள்' என்று முடிவாயிற்று. மேலே மலையாளத்தில் 'சூக்ஷிக்குக' என்று பெரிதாகப் போட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பத்திரமாக வைத்துக்கொள் என்றும் பொருள், எச்சரிக்கை என்றும் பொருள். இரண்டாவது பொருள்தான் பலித்தது.

பலகை ஏறியதும் நானும் மனைவியும் வழக்கம்போல் பஸ்ஸில் போய் இறங்கினோம். பலகை என்று சொல்வது அடக்கம். இரண்டு ஆள் உயரத்துக்குத் தகரம், சுவரின் நீளம் முழுவதும், இரும்புக் கால்களில் நின்றது. மூடுபனி நாட்களில் வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்று, அங்கிருந்து தெரியும் காட்சியை அதிலேயே வர்ணத்தில் படமாக எழுதியிருந்தார்கள். காடு, ஆறு, குன்றுகள். கடைசியில் பட்டையாக நீலக் கடல், அதில் ஒரு கப்பல். அசல் காட்சி தகரத்துக்குப் பின்னால் இருந்தது.

மனைவி நார்த்தங்காயை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"கடல்னு எழுதியாச்சு. நீங்க ஜெயிச்சேள்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளிடம் ஜெயித்தேன். பலகையைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறியலாம் போல் கோபம் வந்தது. ஆனால் இரும்புக்கடைக்காரர் நட்ட கால், அசைக்கக்கூட முடியவில்லை.

இதற்குள் பலகையின் தமிழ் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. தலைவரின் முன்னோர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். அங்கே வளவு என்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து குடும்பம் சேர்ந்து குடியிருக்கும் இடம். அதை அவர் மறந்திருந்தார். திருநெல்வேலி மறக்கவில்லை. அங்கிருந்து வேன்களில் சுற்றுலா வந்தவர்கள் 'இது நம்ம வளவு. வாருங்கள்' என்று படித்தார்கள், வந்தார்கள். அடுத்த முறை நாங்கள் போனபோது, பலகையின் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் கொடி கட்டி ஈரத் துண்டுகள் உலர்ந்துகொண்டிருந்தன. கல் அடுப்பில் சோறு கொதித்தது. இரண்டு பேர் பலகை நிழலில் தலைக்குத் துண்டை வைத்துக் குறட்டை விட்டார்கள்.

இது சங்கத்தின் இடம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கரண்டியும் கையுமாக இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நம்ம வளவுன்னு நீங்கதான எழுதிப் போட்டிருக்கீய? உக்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

கோபித்துக்கொள்ள வழியில்லை. சோறும் புளிக்குழம்பும் நன்றாகத்தான் இருந்தன. என் மனைவி இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டாள்.

செய்தி எட்டியதும் சங்கம் அவசரமாகக் கூடியது. ஒரு சொல்லை மாற்றி எழுதினால் தீர்ந்துவிடும் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். பலகையையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது என்றாள் மனைவி. தலைவர் இருவரையும் பரிவோடு பார்த்தார். அவரிடம் பைப் மிச்சம் இருந்தது. சுவர், பலகை எல்லாவற்றையும் வளைத்து வேலி போட்டு, கதவு வைத்துப் பூட்டிவிட்டார்கள். ரசிக்க விரும்புகிறவர்கள் சாலைக் கடைத்தெருவில் வந்து சாவி வாங்கிக்கொண்டு போகலாம்.

சங்கத்தின் முதல் உல்லாசப் பயணத்துக்கு வேன் ஏற்பாடாயிற்று. மனைவி வருவதாகச் சொன்னாள். எட்டாவது வளைவில் கதவைத் திறப்பார்கள், பலகையின் பக்கவாட்டு இடுக்கு வழியாகவாவது பார்க்கலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. வளைவு நெருங்கியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நிறுத்தச் சொல்லுங்கோ" என்றாள்.

தலைவர் ஜிப்பாப் பையைத் தடவினார். வேட்டி மடிப்பைத் தடவினார். "அய்யோ மாமி, சாவி கடையிலயாக்கும்!" என்றார். கதவு திறக்காத இடத்தில் நிறுத்துவானேன் என்று ஓட்டுநர் வண்டியை விரட்டினார். அடுத்த வளைவில் தலைவரின் புது ஜிப்பா, முன்சீட்டு வெள்ளைச் சட்டையின் கதியை அடைந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்படியாக என் மனைவி முதன்முதலாகப் பொன்முடி உச்சியை அடைந்தாள். மூடுபனி. பக்கத்தில் நின்ற என்னையே தேடினாள். சங்கத்தார் பனியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் ஒரு கல்லில் சுருண்டு உட்கார்ந்து, "ஆத்துக்குப் போலாமா?" என்றாள். எட்டாவது வளைவைப் பற்றி அப்புறம் அவள் பேச்செடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. வெகுநாள் மலைப்பக்கமே போகாமல் இருந்தோம்.

தலைவருக்கு நல்ல மனசு, இல்லையென்று சொல்ல மாட்டேன். மாமிக்காக வேலிக்கு வெளியே, பலகையைப் பார்த்தாற்போல் ஒரு ஸ்டீல் பெஞ்சு போட்டுத் தந்தார்.

போன மழைக்காலம் முடிந்ததும் அவளே பையை எடுத்தாள். பஸ்ஸில் போனோம். எத்தனையாவது வளைவு என்று எழுத மாட்டேன், ஓரிடத்தில் அவள் சட்டென்று எழுந்து மணியை அடிக்கச் சொன்னாள். இறங்கினோம். சுவர் இல்லை, பலகை இல்லை. ஒரு மைல்கல் இருந்தது. அவள் அதில் உட்கார்ந்து நார்த்தங்காயை எடுத்தாள். இரண்டு மரங்களுக்கு நடுவில், முன்பு பார்த்ததில் ஒரு கீற்று. காடு, ஆறு, குன்றுகள், கடைசியில் அந்த வெள்ளைக் கோடு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதோ பார், கடல்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என் கையை அழுத்திப் பிடித்து, சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"மெதுவா. மேகமாவே இருக்கட்டும்" என்றாள். "கடல்னு சொன்னா சங்கத்துக்காரா வந்துடுவா."