சட்டியைத் திறந்து பார்க்கும் டாக்டர்

ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தியதும் டாக்டர் ஷெர்லின் நோயாளியிடம் போவதில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பார். "இன்னாம்மா, நேத்து வச்ச கொழம்பு அப்டியே கீது? நீ துன்னியா, இல்ல உன் வயித்துலயும் ஸ்டெதாஸ்கோப் வச்சிப் பாக்கட்டா?" என் அம்மா ரத்னா பதில் தேடுவதற்குள் தட்டு வந்துவிடும். அம்மா நாலு வாய் விழுங்கிய பிறகுதான் டாக்டர் கட்டில் பக்கம் திரும்புவார்.

கட்டிலில் என் அப்பா சுப்பன். இரைப்பையில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு வந்திருந்தது. இனிச் சிகிச்சை பலன் தராது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலியில்லாமல் வைத்திருப்பது ஒன்றுதான் மிச்சம். அதற்காக வடக்குப்பட்டில் எங்கள் வீடு தேடி வந்தவர் ஷெர்லின்.

வயது முப்பதைத் தொட்டிருக்காது. சிங்கப்பெருமாள் கோவில்காரர். ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவரின் மகள். எம்.டி. முடித்துவிட்டு, புற்றுநோய் மேற்படிப்புக்குப் போகப் போகிறார். அதற்கு முன் ஒரு வருடம், குணமாகாதவர்களின் வலியைத் தணிக்கும் பயிற்சி. கூடப் படித்தவர்கள் வீண் வருடம் என்கிறார்களாம். "கீமோ குடுக்கக் கத்துக்க நெறைய எடம் கீதுண்ணா. இனிமே கீமோ வேணாம்னு சொல்லிட்டு, அடுத்த நாளும் அதே வூட்டுக்குப் போவணும் பாருங்க. அத எங்க போய்க் கத்துக்கறது?"

நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். கட்டில் ஓரம்தான். தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சந்துக்குள் ஸ்கூட்டியைத் திருப்ப மட்டும் வராது. தெருக்கோடி வரை போய்ச் சுற்றிக்கொண்டு வருவார்.

முதல் வாரம் அவரும் ஏமாந்தார். வலி எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் கேட்பார். அப்பா எப்போதும் "ஒண்ணு" என்பார். நான் பராமரிப்பு எஞ்சினியர். மீட்டர் காட்டுவதை நம்புகிறவன். ஷெர்லின் ஒருநாள் அப்பாவின் கால்விரல்களைப் பார்த்தார். மடங்கி இறுகியிருந்தன.

"அண்ணா, நைனா இன்னா வேல பாத்தாரு?"

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் என்றேன். அங்கே ஆட்களின் தலைக்கு மேலே ஒரு கயிறு போகும். கோளாறு என்றால் இழுக்க வேண்டும். லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு தடவைகூட அதை இழுத்ததில்லை என்பது அப்பாவின் பெருமை.

ஷெர்லின் அப்பாவிடம் குனிந்தார். "நைனா, இப்ப ஷிஃப்ட்டுக்குப் போறீங்கன்னு வைங்க. எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

அப்பா நிஜமாகவே யோசித்தார். "டீ டைம் வரைக்கும் தாங்கும் கண்ணு. அப்பால கஷ்டம்."

அன்றே மார்ஃபின் அளவு கூடியது. அதன்பின் எங்கள் வீட்டில் வலிக்கு அந்தக் கணக்குத்தான். சாப்பாட்டு பெல் வரை தாங்கும் என்பார், சில நாள் ஃபுல் ஷிஃப்ட் என்பார். ஒரு மாலை தலையணையில் சாய்ந்தபடி, "இன்னிக்கு ஓ.டி.கூடப் பாக்கலாம்" என்றார்.

"ராத்திரி வூட்டுக்கு எப்டிப் போவீங்க நைனா?"

"உங்கப்பன் ஆட்டோ இன்னாத்துக்குக் கீது?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து மாதங்களாகியிருந்தன.

கடைசி வாரங்களில் அப்பா அப்பாவாகவே இருந்தார். டிவி சத்தத்துக்குத் திட்டினார். ரசத்தில் உப்பில்லை என்றார். அதை எங்களுக்குக் கொடுத்தவர் ஷெர்லின். நன்றி சொல்ல வாயெடுத்தால், "மொதல்ல அம்மாவத் தூங்க வைங்கண்ணா" என்று கிளம்பிவிடுவார்.

மாத்திரை விழுங்க முடியாமல் போனதும், மேல்கையில் தோலுக்கடியில் மெல்லிய ஊசி வைத்து மருந்து கொடுத்தார். அதன்மேல் பிளாஸ்திரி. ஒரு காலை அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஷெர்லின் வந்தார். நாடி பார்த்தார். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசியை எடுக்க வேண்டியிருந்தது. பிளாஸ்திரி கைமுடியோடு நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. குளிப்பாட்ட நேரமாகிறது என்று வெளியே குரல் கொடுத்தார்கள்.

"விடுங்க டாக்டர், நான் பிச்சி எடுத்துடறேன்" என்றேன்.

அவர் என் கையை விலக்கினார். தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கினார். பஞ்சில் தொட்டு ஓரத்தை ஊறவைத்து, ஒரு முடிகூட இழுபடாமல், கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார்.