அக்டோபரில் மாறிய மணி

அம்மா நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போன வருஷம் நான் மூன்றாம் வகுப்பு படித்தேன். திண்டிவனம் வீட்டில் அப்பாவும் நானும், அம்மாவைப் பெற்ற தாத்தாவும், அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சித்தியும் இருந்தோம். அப்பாவுக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் வேலை. ரயில் தாமதமாகலாம், அப்பாவின் கைக்கடிகாரம் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு இடைவேளையில் அம்மா போன் செய்வாள். அங்கே பன்னிரண்டு, இங்கே நாலரை. எங்களுக்கு இரண்டு வார்த்தை, மீதியெல்லாம் தாத்தாவுக்கு. அதற்கு முன்பே சித்தி அவருக்கு முகம் துடைத்து, தலையணையை உயர்த்தி வைத்துவிடுவாள். தாத்தாவுக்குக் காது முக்கால்வாசி போயிருந்தது. மகள் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்பார். அந்தக் குரல் வந்தால் போதும் அவருக்கு.

அக்டோபர் கடைசியில் அவர் சாப்பாட்டை விட்டுவிட்டார். அந்த ஞாயிறு காலை சர்ச்சிலிருந்து சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். வெளியே அடைமழை. மத்தியானம் முழுக்கத் தாத்தா ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "போன் வந்துதா?"

நாலரை ஆனது. போன் தலையணை ஓரத்தில் சும்மா கிடந்தது. அப்பா அதை எடுத்துச் சிக்னல் பார்த்தார், ஜன்னலோரம் போய் நின்றார், திரும்ப வைத்தார்.

"மாமா, நீங்களே ஒரு தபா போட்டுப் பாருங்களேன்" என்றாள் சித்தி.

"வார்டுல இருப்பா. போன் கையில இருக்காது. பிரேக்குல அவளே கூப்பிடுவா."

ஐந்து தாண்டியதும் தாத்தாவின் மூச்சு நின்றது. சித்தி அவர் மார்பில் விழுந்து அலறினாள். மழையில் அது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. அப்பா சித்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஏன் லேட்டு?" என்றார் அப்பா.

அம்மா பேசியது எனக்கும் கேட்டது. "இன்னிக்கு இங்க மணிய ஒரு மணி நேரம் பின்னால வெச்சிட்டாங்க. போன வாரமே அப்பாகிட்ட சொன்னேனே, சரிம்மான்னாரே! ஜல்தி குடுங்க, டூட்டிக்குப் போவணும்."

அப்பா போனோடு கட்டிலருகே மண்டியிட்டார்.

"அவரால பேச முடியல. காதுல வெக்கிறேன், நீ பேசு."

அசையாத அந்தக் காதில் அம்மா பேசினாள். குளிர் ஆரம்பித்துவிட்டதாம். நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். கிறிஸ்துமஸுக்கு எப்படியும் வந்துவிடுவாளாம். போன் நழுவித் தாத்தாவின் கன்னத்தில் இடித்தது; அப்பா அதைத் திரும்பக் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

அவள் டூட்டி முடிந்ததும் அப்பா ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ பேசிக்கினு இருக்கும்போதே போயிட்டாரு." அம்மா இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அப்பா, "அஞ்சே முக்காலுக்கு" என்றே சொன்னார்.

பந்தலில் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்: "மணிய எப்படிப்பா பின்னால வெப்பாங்க?"

"அந்த நாட்டு அரசாங்கம் சொன்னா எல்லாரும் மாத்திக்கணும் பாப்பா. வெயில் காலத்துல முன்னால தள்ளுவாங்க, குளிருக்குப் பின்னால வெப்பாங்க. வெளிச்சம் வீணாவக் கூடாதுன்னு."

"நம்ம ஊர்ல?"

"நமக்கு அஸ்ஸாம்லேர்ந்து குஜராத் வரைக்கும் ஒரே மணி. வருஷம் பூரா அதேதான்."

நான் யோசித்தேன். அம்மா இருக்கும் ஊரில் ஒரு மணி நேரம் பின்னால் போயிருக்கிறது. அப்படியானால் அம்மா பேசும்போது அங்கே தாத்தாவுக்கு இன்னும் மூச்சு இருந்திருக்கும். அதனால்தான் அப்பா போனைக் காதில் வைத்திருக்கிறார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு ஏன் அவர் என்னை இறக்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், மழையில் நனைந்துகொண்டு அழுதார் என்பது மட்டும் விளங்கவில்லை.