பெரிய சனிக்கு ஒரு தாள்

அக்காவின் ஈஸ்டர் தபால்தலை ஆல்பத்தில் ஒரு தாளில் மட்டும் தலைப்பைத் தவிர எதுவும் கிடையாது. நடுவில் ஒரு கோந்துக் கறை. அது என் கைங்கரியம்.

அக்கா கூடப்பிறந்தவரல்ல, காரைக்கால் தபால் நிலையத்தில் எனக்கு அடுத்த கவுன்ட்டர். பிரான்சிலிருந்து கடிதம் வரும் வீடுகளில் உறைகளைக் கேட்டு வாங்கி, தபால்தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்து, ஈஸ்டர் படம் போட்டவற்றை மட்டும் சேர்ப்பார். இருபது வருஷச் சேகரிப்பு. சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து அதை முதன்முதலாகக் கண்காட்சியில் வைத்தார். பரிசு வாங்கியே தீரவேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் வெறி.

தாள்களைப் பலகையில் மாட்டும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். குருத்தோலை, கடைசி இராவுணவு, சிலுவை. அடுத்த தாளில் ‘பெரிய சனி’ என்று தலைப்பு மட்டும், கீழே வெறுமை. அட, மறந்துவிட்டாரே! கிளிஞ்சல்மேட்டுக்காரனுக்குச் சனி என்றால் திருநள்ளாறுதான்; பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் இருப்பதை நான் எங்கே கண்டேன்? அவருக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த, ஈஸ்டர் முயலும் முட்டையும் போட்ட தபால்தலையை, கவுன்ட்டர் கோந்து தடவி நச்சென்று ஒட்டிவிட்டேன்.

“அடப்பாவி, என்னடா தம்பி பண்ணி வச்சிருக்கே!” ஈரம் காயுமுன் அக்கா அதை உரித்தார். கறை நின்றுவிட்டது. தாளை மாற்ற நேரமில்லை. நடுவர் எதிரே நின்றார்.

“ஏம்மா, இது காலியா இருக்கு? அழுக்கு வேற?”

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “அன்னைக்குப் பகல்ல கோயில்ல பூசை கிடையாதுங்க. ஆண்டவர் கல்லறையில இருக்காரு, நாங்க காத்திருப்போம். காத்திருக்கறதுக்கு என்னத்தங்க ஒட்டறது?”

நடுவர் கல் உருண்டு கிடக்கும் காலிக் கல்லறைப் படம் ஒட்டிய கடைசித் தாள்வரை போய்ப் பார்த்துவிட்டு, வெற்றுத் தாளுக்கே திரும்பி வந்தார். அவர் குனிந்து எழுதி முடிக்கும்வரை அக்கா பக்கத்தில் நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு யாரோ சேர்த்த பட்டாம்பூச்சித் தபால்தலைகளுக்குப் போனது, போகட்டும். மேடையில் அக்கா ஏறியபோது நான் அடித்த விசிலுக்கு மண்டபமே திரும்பிப் பார்த்தது. எங்கள் அக்காவாக்கும்!

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஈஸ்டர்தோறும் அவர் வீட்டில் சாப்பாடு, பிறகு ஆல்பம். முயல் கடைசிப் பக்கத்தில், காலிக் கல்லறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கோடு நூலளவு கோணினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறவர், அந்தக் கறைத் தாளை மட்டும் மாற்றவேயில்லை.

“மாத்திடுங்கக்கா, மானம் போவுது” என்றேன் இந்த வருஷம்.

“எதுக்குடா? அன்னைக்கு எங்கூட நீயும்தானே காத்து நின்னே.”