பால் பெயிண்டும் என் இடது கண்ணும்

இன்று காலை பால் திரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து மனைவி, “கொட்டிரவா, இல்ல வெல்லத்தப் போட்டுக் கிண்டித் தரவா?” என்று கேட்டாள். என் இடது கண் தானாக மூடிக்கொண்டிருந்தது. திரிந்த பாலின் புளிப்பு வாசனை வந்தால் அந்தக் கண்ணுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. நான் சொல்லி அது மூடுவதில்லை, சொன்னால் உடனே திறப்பதுமில்லை. கல்யாணமான புதிதில் இதைப் பார்த்த மனைவி, கண்ணடிக்கிறேன் என்று நினைத்து வெட்கப்பட்டாள். அந்த நினைப்பை நானும் கலைக்கவில்லை. இப்போது அவளுக்கு விஷயம் தெரியும். கிண்டுவதா கொட்டுவதா என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

பால் பெயிண்ட் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எனக்குத் தெரியாது, போனில் பார்க்கும் வரைக்கும். அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு, டவுனில் பேகம்பூர்ப் பக்கம் பழைய மரச்சாமான் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். கடை மெகருன்னிசா அக்காவுடையது. எல்லோருக்கும் மெகர் அக்கா. அவர் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். கடையை அக்காதான் பார்த்துக்கொண்டார். பழைய வீடுகளை இடிக்கும்போது வெளியே வரும் கட்டில், நாற்காலி, மர பீரோ எல்லாவற்றையும் வாங்கிவந்து, உடைந்ததை ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலீஷ் அடித்து விற்போம். தச்சு வேலைக்கு சேவியர் அண்ணன். தேய்ப்பதற்கும், போட்டோ எடுத்து நெட்டில் போடுவதற்கும் நான். தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் போய், ஒருமுறை ரேஷன் கடையில் மெஷின் என்னை ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது.

சிறுமலை அடிவாரத்தில் விருந்தினர் விடுதி கட்டிய ஒரு பெங்களூர்க்காரர்தான் முதலில் கேட்டார். நாற்காலிகளுக்கு பெயிண்ட் நாற்றமே இருக்கக் கூடாது, பளபளப்பும் கூடாது, பாலில் செய்கிற பெயிண்ட் அடித்துத் தர முடியுமா என்றார். நான் போனில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, முடியும் என்றேன்.

“பால்லயா? பெயிண்டா? எங்க அத்தா இருந்தா கம்ப எடுத்துருப்பாரு,” என்றார் மெகர் அக்கா.

“எனக்கு டீக்குப் பால் பத்தலைங்குறீங்க. சேருக்கு ஊத்த மட்டும் இருக்கா?” என்றார் சேவியர் அண்ணன்.

பாலில் எலுமிச்சை பிழிந்து திரியவிட்டு, துணியில் வடிகட்டி, அந்தத் திரளோடு குழைத்த சுண்ணாம்பைச் சேர்த்து அரைத்தால் பசை மாதிரி வரும். அதில் காவிப் பொடியோ பச்சைப் பொடியோ கலந்தால் பெயிண்ட். அன்றன்றைக்கு அடித்துவிட வேண்டும், மறுநாள் கிட்டே போக முடியாது. முதல் நாற்காலி காய்ந்தபோது மூன்று பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். வெயிலில் பலமுறை வெளுத்த நல்ல நூல் சேலை மாதிரி ஒரு பச்சை. மரத்தின் ரேகை அடியில் லேசாகத் தெரிந்தது. “அட, பாலு வேலை செய்யுதுப்பா,” என்றார் அக்கா. அதன்பின் ஆர்டர்கள் வர ஆரம்பித்தன.

சுண்ணாம்பைக் குழைத்து ஆறப்போட்டதாகத்தான் வாங்குவோம். அந்தப் பொங்கல் நேரத்தில் ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் கடையில் குழைத்தது தீர்ந்துபோய், கல்லாகத்தான் கிடைத்தது. கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். எவ்வளவு கொதிக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் அன்றைக்குத் திரித்த பால் துணியில் வடிந்து புளிப்பாக நாறிக்கொண்டிருந்தது. காலி பெயிண்ட் டின்னில் கல்லைப் போட்டு சேவியர் அண்ணன் வாளித் தண்ணீரைச் சாய்த்தார். முதலில் உஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான் நான் குனிந்தேன். பழனி அடிவாரத்தில் ஆசையாக வாங்கிய கூலிங் கிளாஸ் அப்போது என்னிடம் இருந்தது. ஸ்டைலுக்காகத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தேன்.

டின் குபீரென்று பொங்கித் தெறித்தது.

சூடுதான் முதலில் தெரிந்தது. அப்புறம் வந்ததை வலி என்று சொன்னால் போதாது. கண்ணுக்குள் யாரோ உட்கார்ந்து தின்பது மாதிரி இருந்தது. இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு அலறினேன். மூடினால் சுண்ணாம்பு உள்ளேயேதான் இருக்கும் என்ற அறிவெல்லாம் அந்த நேரத்தில் வருமா?

பின்கழுத்தில் ஒரு பிடி விழுந்தது. இழுத்துக்கொண்டு போய் என் தலையைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயின் அடியில் அழுத்தியது. மெகர் அக்கா. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களால் என் இமைகளைப் பிரித்தார். தண்ணீர் நேராக விழிமேல் விழுந்தது.

“அக்கா, தண்ணி ஊத்தாதீக! தண்ணி பட்டுத்தான கல்லே கொதிச்சுச்சு! கண்ணு வெந்துரும்க்கா!” சேவியர் அண்ணனின் அழுகைக் குரல் அது.

அதைக் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. அவர் சொல்வது சரிதானே? சற்று முன் டின்னுக்குள் நடந்ததுதான் இப்போது என் கண்ணுக்குள் நடக்கிறது. திமிறினேன். கையை வீசினேன். என் முழங்கை எதிலோ பலமாக இடித்தது. கழுத்துப் பிடி தளரவில்லை.

தெருவே கூடிவிட்டது போல் குரல்கள். “நல்லெண்ணெய் விடுங்க, குளுந்துரும்.” “பக்கத்து வீட்ல கைப்புள்ளக்காரி இருக்கா, தாய்ப்பால் பீச்சி விடச் சொல்லுவமா?” “செத்த நேரம் கண்ண மூடிப் படுக்க வைங்கப்பா.” ஒரு ஆட்டோக்காரர், “அக்கா, வண்டி நிக்குது, ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்,” என்று கத்திக்கொண்டே இருந்தார். மெகர் அக்கா யாருக்கும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அவருடைய மூச்சு மட்டும் என் காதருகே புஸ்புஸ்ஸென்று கேட்டது. சும்மாவே ஓயாமல் பேசுகிறவர். அந்த மௌனம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கண் போய்விட்டது, அதைப் பார்த்துவிட்டார், அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மறுபடியும் வெகுநேரம் கழுவினார். இமைக்கடியில் ஒட்டியிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். “வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் கழுவுனீங்க?” என்று கேட்டார்.

“தெரியலம்மா. தொட்டி காலியாகுற வரைக்கும்,” என்றார் அக்கா.

“நல்லதாப் போச்சு. வலது கண்ணு தப்பிச்சிரும். இடதுக்கு இப்ப எதும் சொல்ல முடியாது.”

இப்ப எதும் சொல்ல முடியாது. இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊரான ஆத்தூரில் வீட்டுக் கட்டிலில் படுத்துக் கிடந்தேன். இடது கண்ணில் கட்டு. வலது கண் வீங்கி, திறந்தால் வெளிச்சம் ஊசியாகக் குத்தியதால் அதையும் மூடியே வைத்திருந்தேன். அம்மா பக்கத்திலேயே இருந்தாள். “அப்பு, ஒரு வாய் சாப்பிடுடா,” என்று ஊட்டிவிடுவாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் என்னவென்று நாக்கில் பட்ட பிறகுதான் தெரியும். வாசலில் யாரோ குரலைத் தாழ்த்தி, “கண்ணு போச்சாம்ல?” என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. அம்மா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், இருட்டுகூடப் பழகிவிட்டது. கட்டு பிரிக்கப் போகிற நாளை நினைத்தால்தான் பயம். கட்டு இருக்கும்வரை கண்ணும் இருக்கிறது. பிரித்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாதே. எல்லோரும் நாள் சீக்கிரம் போக வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் போகக் கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

மெகர் அக்காவும் சேவியர் அண்ணனும் பஸ் பிடித்துப் பார்க்க வந்தார்கள். கொய்யாப்பழ வாசனை வந்தது. சேவியர் அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்.

“ஏலே, ஒன் கண்ணுக்காக மாதாவுக்கு வேண்டிக்கிட்டு மீசைய எடுத்துட்டேன்டா. நீ பாத்தா சிரிப்ப.”

நான் கையை நீட்ட, அவரே பிடித்துத் தன் மேலுதட்டில் வைத்தார். சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருந்தது. சிரித்தேன். சிரித்ததில் கண்ணீர் ஊறி, கட்டுக்குள் எரிந்தது.

அவர் வெளியே போனதும் அக்காவிடம் கேட்டேன்: “அம்புட்டுப் பேரு கத்துறாங்க. தண்ணிதான் சரின்னு ஒங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுச்சு?”

“எனக்கு என்னடா தெரியும்?” என்றார் அக்கா. “சேவியரு சொன்னது சரியா இருக்குமோன்னுதான் எனக்கும் பட்டுச்சு. கைய எடுக்கணும்னு நெனச்சேன். யா அல்லா, எடுக்க முடியலடா. பயத்துல வெறச்சுப் போச்சு. தண்ணி நின்னப்புறந்தான் கை வந்துச்சு. அதுவரைக்கும் நாந்தான் ஒன் கண்ண அவிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டே நின்னேன்.”

அவர் உதடு என் முழங்கை பட்டுக் கிழிந்து தையல் போட்டிருந்ததை அம்மா பிற்பாடுதான் சொன்னாள்.

கட்டு பிரித்த அன்று, “கண்ணத் திறங்க தம்பி,” என்றார் டாக்டரம்மா.

“வேணாம் டாக்டர்.”

“வேணாமா?”

“இன்னைக்கு வேணாம். நாளைக்கு…”

அம்மா என் கையைப் பிடித்தாள். “தொறடா அப்பு,” என்று கெஞ்சினாள். அதைத் தாங்க முடியாமல்தான் திறந்தேன். வடை மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறியிருக்குமே, அதன் வழியாகப் பார்ப்பது போல் ஒரு மங்கல். மங்கலில் ஒரு வெள்ளை. அது ஜன்னல் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. “தெரியுது,” என்றேன். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் மெகர் அக்காவின் போன் வரும். ஹலோ கிடையாது. “இன்னைக்கு என்ன தெரியுது, சொல்லு.” வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜன்னல் கம்பி தெரியுதுக்கா. கொடியில கெடக்குறது செவப்பு, துண்டா சட்டையான்னு தெரியல. சட்டைதான்க்கா, பொத்தான் தெரியுது. பொத்தான் தெரிந்த அன்று அந்தப் பக்கம் அக்கா, “பொத்தானா!” என்று கத்தினார். பின்னால் சேவியர் அண்ணன், “என்னவாம், என்னவாம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பார்வை முழுசாக வரவில்லை. பஸ் போர்டு படிக்க அந்தக் கண் இன்றைக்கும் உதவாது. ஆனால் இருக்கிறது. கடைக்குத் திரும்பிப் போனபோது டின்னையும் சுண்ணாம்பையும் அக்கா அப்புறப்படுத்தியிருந்தார். பாதி அடித்த நாற்காலிகளைத் தேய்த்து, வழக்கம் போல் பாலீஷ் போட்டோம். மறுபடியும் பால் பெயிண்ட் கேட்டு வந்தவர்களிடம், “அந்தப் பேச்ச இங்க எடுக்காதீங்க,” என்று அக்கா சொல்லிவிடுவார். டீக்குக் கொதிக்கும் தண்ணீருக்கே சேவியர் அண்ணன் இரண்டடி தள்ளி நிற்பார்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. எனக்குத் திருப்பூரில் கம்பெனி வேலை கிடைத்தது. சேவியர் அண்ணன் மகனோடு கோயம்புத்தூர் போனார், அங்கேயே இறந்தும் போனார். செய்தி எனக்கு வெகு தாமதமாக வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து வந்தார், கடையை விற்றார்கள். அக்காவின் போன் தினமும் என்பதிலிருந்து வாரம், பண்டிகை என்று குறைந்து, பிறகு நின்றுபோனது. இப்போது கடை இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட செல்போன் ஷோரூம். முன்னால் கல் பதித்து வண்டி நிறுத்துகிறார்கள். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, தொட்டி எங்கே இருந்தது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். காவலாளி வந்து, “என்ன சார் தேடுறீங்க?” என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அக்காவின் பழைய எண்ணை அழைத்தேன். மணி அடித்தது. யாரோ ஒருவர் எடுத்தார். “மெகருன்னிசாவா? அப்படி யாருமில்லங்க. இது எங்க நம்பர், வாங்கி ரெண்டு மூணு வருசமாச்சு,” என்றார். நல்ல மனிதர், உடனே வைத்துவிடவில்லை. “அவங்ககிட்ட எதும் சொல்லணுமாங்க?” என்று கேட்டார். சொல்ல இருந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். எதிரே பழனி பஸ் நின்றது, அதில் ஏறுகிறவர்கள் நிறம் நிறமாகத் தெரிந்தார்கள். அதை அவரிடம் சொல்ல முடியாதே. “இல்லங்க,” என்று வைத்துவிட்டேன்.