மாசாணியம்மாளின் மருந்து வேளை

மில் சங்கு ஊதி ஓய்வதற்குள் மாசாணியம்மாள் மருந்துச் சீசாவைக் குலுக்கியபடி கட்டிலருகே வந்து நிற்பாள். வாசலில் அவள் விற்கிற உருளைக்கிழங்குக் கூடைக்கு முன்னால் யார் நின்றாலும் சரி. "சித்தெ இருங்க, கெழங்கு எங்கீம் ஓடிப்போயராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

கட்டிலில் இருப்பவர் அவள் புருஷன் ராசப்பன். பீளமேட்டில் மில் வேலை பார்த்தவர். முதுகெலும்பில் புற்று, இனி ஆபரேஷனுக்கு வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மார்பியா கலந்த மருந்தை நாலு மணி நேரத்துக்கொரு தரம் கொடுக்க வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது டாக்டர் சீனிவாசலுவின் உத்தரவு. வீட்டில் கடிகாரம் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்த மில் எப்போது ஊதும் என்பது மாசாணியம்மாளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"இப்பத்தான் வலியே இல்லியே, எதுக்குடி மருந்து? கூறுகெட்டவளே!" என்று ராசப்பன் வைவார்.

"அது வாரதுக்கு முந்தியே கதவச் சாத்திப்போடோணுமுங்க. வாயத் தொறங்க."

டாக்டர் பேச்சைக்கூட மீறலாம், இவள் பேச்சை மீற முடியாது. மருந்து பழக்கமாகிவிடும் என்று பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் பயமுறுத்திப் பார்த்தாள். "பழகட்டுமுங்க அக்கா. இனிமே கெட்டுப்போயி இவரு எந்தக் குடியக் கெடுக்கப் போறாரு?"

கொஞ்ச நாளாக அந்த அளவு மருந்து போதவில்லை. அடுத்த சங்குக்கு வெகு முன்பே ராசப்பனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது; துண்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். அளவைக் கூட்ட டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். மற்ற பெரிய மனிதர்கள் கால் வைக்காத தங்கள் தெருவுக்குள் வந்து, தங்கள் வீட்டுக் காப்பியையும் குடிக்கிற மனிதரிடம் குறை சொல்ல ராசப்பனுக்கு நா எழாது. வலி எப்படி என்று கேட்டால், "பரவால்லீங்க. நீங்க முதல்ல காப்பி குடீங்க" என்பார். அன்றும் அதையேதான் சொன்னார். அப்படியானால் இதே அளவே இருக்கட்டும் என்று டாக்டர் எழுந்துவிட்டார்.

வெளியாள் முன்னால் புருஷன் பேச்சை மறுத்து மாசாணியம்மாளுக்குப் பழக்கமில்லை. ஆனால் அன்று வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"அவரு சொல்றது பொய்யுங்க டாக்டருங்க. நல்லா இருந்தாருன்னா என்னைய வெய்யாம ஒரு பொழுது போவாதுங்க. நாலு நாளா 'வாம்மா, போம்மா'ங்கறாரு."

டாக்டர் திரும்பி வந்து போர்வையை விலக்கினார். விரிப்பு வியர்வையில் ஊறிக் கிடந்தது. ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டார். மருந்தின் அளவு கூடியது. "இனிமேல் அம்மாகிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் புறப்பட்டார்.

புருஷனைப் பொய்யனாக்கிவிட்டோமே என்று அன்று முழுக்க அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. மருந்தை ஊற்றினாள்; குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுகல் கிழங்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், கட்டில் கயிறு முனகுவது கேட்டுத் திரும்பினாள். யாராவது தொட்டுப் புரட்டினாலே அலறுகிற மனிதர், தாமாகவே சுவர்ப்பக்கம் நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டிருந்தார்.