மேட மேல குட்டி

மாலை நாலே காலுக்குத் தகவல் வந்தது. கல்பகம் மாமியின் எண். எடுத்ததும், "இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கேன் மாமி" என்றேன். தெலுங்கில் ஓர் ஆண் குரல் பேசியது. போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் மேல் காய்கறி லாரி மோதிவிட்டது, கடைசியாக இவர் பேசிய எண் உங்களுடையது, அந்த அம்மாள் போய்விட்டார்.

நான் அப்போது எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், ராணுவச் சுவரை ஒட்டிய மண்மேட்டில் பூனைக்குட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடச் சொன்னவர் மாமிதான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு, பூனையை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்த கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்.

"சாந்தா, மோசம் போயிட்டேன்டி. அந்தச் சாம்பல் பூனைக்குப் பால் இருக்காம். ஆபரேஷன் ஆனப்புறம் டாக்டர் சொல்றா. நான் எப்படிப் பார்க்காம விட்டேன்? குட்டி மேட மேலதான் இருக்கணும். நீ போய்ப் பாரு, நான் வந்துண்டே இருக்கேன்."

மாமிக்கு மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். தாத்தா வெள்ளைக்காரர் காலத்தில் கன்டோன்மெண்ட் குமாஸ்தாவாக வந்தவர். மாமி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று லோத்குண்டாவில் எங்கள் மேல்வீட்டில் குடியிருந்தார். பூனைகளை மடியில் வைத்துக் கொஞ்சி நான் பார்த்ததே இல்லை. அசோசியேஷன் கூட்டத்தில் செயலாளர் ராகவேந்திரா, எங்கள் வளாகத்தில் திரியும் பூனைகளைச் சாக்கில் கட்டி எங்காவது விட்டுவிட ஆள் பேசியிருப்பதாகச் சொன்ன அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது.

"இதுகளை விரட்டினா அந்த இடத்துக்கு வேற பூனை வரும். குட்டி போடாம பண்ணிட்டா இதுகளே இருந்துட்டுப் போயிடும்" என்றார் மாமி.

"யார் மேடம் பிடிக்கிறது? நீங்களா?"

"கைக்கு நக்கோ? ஏன் கூடாது? நானேதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமி கூண்டு வாங்கினார். முதல்நாள் சாப்பாட்டை நிறுத்தி, மறுநாள் கூண்டுக்குள் கருவாடு வைப்பார். கதவு விழுந்ததும் பழைய புடவையால் மூடுவார். இருட்டானால் பூனை அடங்கிவிடும். முட்டைகூட நுழையாத வீடு என்பதால் கருவாட்டு டப்பா என் சமையலறையில் இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இடுக்கியால் எடுப்பார். "பெருமாளே, இது பூனைக்கு. என் கணக்குல எழுதிடாதே." ஆபரேஷனுக்கு அடையாளமாக இடது காதின் நுனியை வெட்டி அனுப்புவார்கள். பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார். "நம்மளை யாராவது குகட்பள்ளியில இறக்கி விட்டுட்டா நமக்கு வழி தெரியுமா?" என்பார்.

மாமி இறந்த அன்று இரவே டாக்டர் எலிசபெத் போன் செய்தார். அழுதுவிட்டுத்தான் பேசினார். பூனையின் தையலில் ரத்தம் கசிகிறது, இப்போதைக்கு வெளியே விட முடியாது. "குட்டிகளைக் கொண்டுவாங்க சாந்தா, இங்கயே குடிக்கட்டும். கம்பியைக் கடிச்சுக் கடிச்சு அதோட வாயெல்லாம் புண்ணு. இந்த வெயில்ல குட்டிங்க ரொம்பத் தாங்காது."

விடிந்ததும் மறுபடி மேட்டுக்குப் போனேன். உடைந்த ஓடு, குழாய்த் துண்டு, முள்செடி என்று ஒன்று விடாமல் புரட்டினேன். மாமியின் உடல் வர மதியமாகும் என்றார்கள். "அங்கே வீட்டுல சாவு, இவங்க பூனை தேடுறாங்க" என்று வாசல் கேட் அருகே ராகவேந்திரா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. இந்தக் குட்டிகளுக்காகத்தான் மாமி அவ்வளவு வேகமாக வந்தார். இவையும் போய்விட்டால் என்ன மிஞ்சும்?

உடலை எடுத்துக்கொண்டு ஆண்கள் போனபின் வீடு கழுவினோம். மாமியின் மகள் ரக்ஷிதா என் கைகளில் இருந்த முள்கீறல்களைப் பார்த்தாள். தமிழ் புரியும், பேசமாட்டாள். "ஏமைந்தி ஆன்ட்டி, சேதிகி?" கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"குட்டிகளைத் தேடினேன்டா. மேட மேல இருக்குன்னு அம்மா கடைசியா சொன்னாங்க. மேடு முழுக்கத் தோண்டிட்டேன்."

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "ஆன்ட்டி, மேட அண்டே மாடி கதா!"

தெலுங்கில் மேட என்றால் மாடி. அவர்கள் வீட்டுத் தமிழில் மொட்டை மாடிக்கு அதுதான் பெயராம். எங்கள் மன்னார்குடிக் காதுக்குப் புரியட்டும் என்று மாமி என்னிடம் எப்போதும் மாடி என்றே சொல்லிவந்திருக்கிறார். பதற்றத்தில் வீட்டு வார்த்தை வந்துவிட்டது.

ஓடினோம். மாடிக் கதவு பூட்டியிருந்தது. பூனை படிக்கட்டு ஜன்னலின் உடைந்த கண்ணாடி வழியே போய்வந்திருக்க வேண்டும். வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் திறந்தால் தரை காலைச் சுட்டது. தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் மூன்று குட்டிகள். ஒன்றின்மேல் எறும்பு மொய்த்திருந்தது. இன்னொன்று வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது எங்களைக் கண்டதும் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் நழுவிவிட்டது.

தீட்டு நாளில் எங்கே போகிறாய் என்று உறவுக்காரர் யாரோ கேட்டார்கள். ரக்ஷிதா தன் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். நான் பின்னால், வாயைத் திறந்த குட்டி என் முந்தானையில். அதே மார்க்கெட் வழிதான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் தாய்ப்பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்தது. குட்டி தலையைத் தூக்கவே பாடுபட்டது. "வாய் வைக்குது. பிழைக்கும்னு சொல்லமாட்டேன்" என்றார் எலிசபெத்.

திரும்பி வந்தபோது மூன்றாவது கத்திக்கொண்டிருந்தது. இடைவெளியில் கை நுழையவில்லை. கருவாட்டுக்கும் வரவில்லை. தொட்டியை நகர்த்தத்தான் வேண்டும். நகர்த்த வேண்டுமானால் தண்ணீரைக் காலி செய்ய வேண்டும்.

"மே மாசம் மேடம்! டேங்கருக்குச் சொல்லி நாலு நாளாச்சு. மூணு மாடிக்கும் இதுதான் தண்ணி" என்று ராகவேந்திரா குழாய்க்கு முன்னால் நின்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

மாமியின் கணவர் ராமசுவாமி மாமா சுடுகாட்டிலிருந்து வந்த ஈர வேட்டியோடு படியேறி வந்தார். குட்டி கத்துவதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"திறந்து விடும்மா. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

ராகவேந்திரா நகர்ந்துகொண்டார். திறந்துவிட்டேன். குழாய் சிறியது. தொட்டியில் இன்னும் பாதித் தண்ணீர் இருக்கிறது, பின்னால் குட்டி கத்திக்கொண்டுதான் இருக்கிறது.