பன்னிரண்டு எண்ணும்வரை

இடது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிறது. ஒரு கைக்குப் பன்னிரண்டு கணு. மெல்பேர்னில் கிரவீன் மண்டபத்தின் மேடைக்குப் பின்னால் இந்திரகுமார் அண்ணை எண்ணிப் பழகுகிறார். திரை விலக இன்னும் பத்து நிமிடம்.

அண்ணை பஸ் ஓட்டுநர். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் வசனம் சொல்லிப் பார்ப்பார். பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து ஹோர்ன் வாங்குவார். பதினொரு நாடகம் எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் கதாநாயகன் அவர்தான். அறுபத்தேழு வயதில் கல்லூரிக் காதலனாக வந்தபோதுகூட எங்கள் குழுவில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

இன்று அவர் ஹைரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்ததாக அண்ணை கற்பனை செய்த அமெரிக்க நடிகன். தனக்கென்று ஒரு கிழவன் வேடத்தை எழுதி, முப்பது வயதில் தலைக்கு மாவு பூசி நடிக்கத் தொடங்கி, கப்பலேறி மெல்பேர்ன் வரை வந்து, நாற்பது வருடம் அதே கிழவனாக நடித்தவன். கடைசிக் காட்சியில் அவனுக்கு மாவு தேவைப்படாது, வசனம்தான் மறந்துபோகும். பன்னிரண்டு எண்ணும்வரை மௌனம். பிறகு நினைவு வரும்.

போன மாதம் ரோவில் மண்டபத்தில் அந்த மௌனம் ஒரு நிமிடத்தைத் தாண்டியது. சனம் கைதட்டியது. அண்ணைக்கு உண்மையிலேயே மறந்துவிட்டது என்பது அவருக்கும், மனைவி யோகாவுக்கும், திரை இழுக்கிற எனக்கும் மட்டும்தான் தெரியும். ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

இன்று வசனக் கொப்பியோடு பக்கத்திரைக்குள் நிற்பதாக யோகா அக்கா சொன்னார். அண்ணை கொப்பியைப் பறித்துக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"ஒருத்தரும் எனக்கு வசனம் எடுத்துத் தந்ததில்லை. அப்பிடித் தந்தா, அண்டைக்கே நான் மேடையை விட்டிடுவன்."

அக்காவின் கைப்பைக்குள் இன்னொரு பிரதி இருந்ததை நான் கண்டேன்.

கடைசிக் காட்சி. ஹைரம் பேச்சை நிறுத்தினான். பெருவிரல் நகர்ந்தது. நானும் கூடவே எண்ணினேன். பன்னிரண்டு முடிந்தது. வசனம் வரவில்லை. பெருவிரல் மறுபடி முதல் கணுவுக்குப் போனது.

முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பக்கத்திரைக்குள் அக்கா பிரதியை விரித்து, சொல்வதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். பெருவிரல் ஐந்தாவது கணுவில் நின்றுவிட்டது.

அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, யோகா அக்கா நின்ற பக்கமாக உள்ளங்கையை ஏந்தினார்.